20 லிட்டர் பானையிலிருந்து 500 லிட்டர் ஆலைக்கு: ரெசிப்பியை 25 ஆல் பெருக்கினால் போதுமா?

வாளி_20

வீட்டு அளவில் முழு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) முறையில் நிலையாக வரும் மூன்று பீர்களைச் சிறிய வணிக ஆலைக்குக் கொண்டு போகும் திட்டம். பேல் ஏல் (தண்ணீர் 1.000 என்றால் தொடக்க அடர்த்தி 1.048, முடிவு 1.012), பாதிக்குப் பாதி கோதுமை போட்ட கோதுமை பீர், 1.065இல் தொடங்கும் ஸ்டவுட். இப்போதைய பேட்ச் 20 லிட்டர், திறன் (மால்ட்டிலுள்ள சர்க்கரையில் கைக்கு வரும் பங்கு) 70 சதவீதம். குழாய்த் தண்ணீர் 27 டிகிரியில் வருகிறது. வேலைக்கு இரண்டு பேர்.

பட்டியலில் இதுவரை இருப்பது: 500 லிட்டர் கெட்டில் (கொதிகலம்), மேஷ் டன் (மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும் தொட்டி), சுடுநீர்த் தொட்டி, 500 லிட்டர் கூம்படி ஃபெர்மென்டர் (நொதிக்கவைக்கும் தொட்டி) நான்கு, 20 லிட்டர் கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) 60, ஒரு பிளேட் சில்லர் (கொதித்த சாறைக் குளிர்விக்கும் தகட்டுக் கருவி), பம்ப் இரண்டு.

கேள்விகள்: 500 அதிகமா, 200இல் தொடங்குவது நல்லதா? ரெசிப்பியை நேராக 25 ஆல் பெருக்கலாமா? பட்டியலில் என்ன விட்டுப்போயிருக்கிறது? அனுமதி முதலிலா, கருவி முதலிலா?

மால்ட்மூட்டை

அளவைப் பற்றி முதலில். ஒரு காய்ச்சுக்கு (காய்ச்சல் என்று எழுதினால் மாத்திரை சொல்ல ஆள் வந்துவிடுவார்கள்) அரவையில் தொடங்கி கெட்டிலைக் கழுவி முடிக்க 7–8 மணி நேரம் ஆகும். 200 லிட்டருக்கும் அதே நேரம், 500 லிட்டருக்கும் அதே நேரம். உங்கள் நான்கு தொட்டியும் 18 நாளுக்கு ஒருமுறை காலியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 காய்ச்சு. கெட்டிலில் தங்கும் கசடு, ஈஸ்ட், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) குடிப்பது, கெக் நிரப்பும்போது போவது எல்லாம் கழித்து 500இல் 425 லிட்டர் கைக்கு வரும் என்று வையுங்கள். ஆக ஆண்டுக்கு 34,000 லிட்டர். இதையே 200 லிட்டர் கெட்டிலில் எடுக்க 200 காய்ச்சு வேண்டும். 640 மணி நேர வேலை 1,600 மணி நேரமாகிறது, பீர் ஒரு சொட்டும் கூடவில்லை. இரண்டு பேருக்கு 500 சரியான அளவுதான். 200இல் தொடங்குவது, பீரை அதே இடத்திலேயே கோப்பையில் ஊற்றி விற்கிறவர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

இனி பெருக்கல். 20 லிட்டருக்கு இப்போது சுமார் 4.6 கிலோ மால்ட் போடுவீர்கள். கணக்கு இப்படி (1.048 என்றால் 48 புள்ளி): 20 × 48 = 960 புள்ளி. ஒரு கிலோ பேல் மால்ட் ஒரு லிட்டர் தண்ணீரில் தரக்கூடிய உச்சம் சுமார் 300 புள்ளி, 70 சதவீதத் திறனில் 210. இதை 25 ஆல் பெருக்கினால் 114 கிலோ. ஆனால் ஒழுங்கான துளைத்தட்டு உள்ள மேஷ் டன்னில் திறன் 80ஐத் தொடும், கிலோவுக்கு 240 புள்ளி கிடைக்கும். 114 கிலோவைக் கொட்டினால் 1.048 வர வேண்டிய வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள இனிப்புச் சாறு) 1.055இல் நிற்கும். ஆல்கஹால் 4.7 சதவீதத்திலிருந்து 5.4 பக்கம் போய்விடும். லேபிளும் தப்பு, வரிக் கணக்கும் தப்பு. சரியான எடை 100 கிலோ. அப்படியும் முதல் மூன்று பேட்ச் வரை திறன் ஊகம்தான், ஆகவே கொதி தொடங்கும் முன் அடர்த்தி பார்த்துத் தண்ணீரால் சரிசெய்ய 30 லிட்டர் சுடுநீரைத் தனியாக வைத்திருங்கள்.

மேஷ் டன் கொள்ளளவை ஸ்டவுட்டை வைத்துப் பாருங்கள், பேல் ஏலை வைத்து அல்ல. கிலோவுக்கு 2.7 லிட்டர் தண்ணீர், மால்ட்டின் சொந்தப் பருமன் கிலோவுக்கு 0.67 லிட்டர். பேல் ஏலுக்கு 337 லிட்டர் இடம் போதும். 1.065 ஸ்டவுட்டுக்கு 135 கிலோவுக்குக் குறையாது, அது 455 லிட்டர். அடர்த்தி ஏறும்போது திறன் இறங்கும் என்பதால் 145 கிலோ வரைகூடப் போகலாம். 500 லிட்டருக்குக் குறைந்த டன் வாங்கினால் ஸ்டவுட் அன்று விளிம்பில் நிற்கும்.

மால்ட் படுகையின் ஆழம் 30–45 செ.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தன் எடையாலேயே அமுங்கி வடிகால் அடைக்கும். கோதுமைக்குத் தோல் கிடையாது, 50 சதவீதக் கோதுமை வைத்து வெறுமனே வடிக்கப் பார்த்தால் பசைதான். மொத்த எடையில் 3–5 சதவீதம் கழுவிய நெல் உமி கலந்துகொள்ளுங்கள். கோதுமை மணி சிறியது, கடினமானது என்பதால் அரவை உருளை இடைவெளியையும் மாற்ற வேண்டும்: பார்லிக்கு 1.1–1.2 மி.மீ., கோதுமைக்கு 0.9–1.0. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே இடைவெளியில் அரைத்தால் ஏதோ ஒன்று கெடும். வடிப்பை முதல் 20 நிமிடம் மெதுவாகவே தொடங்குங்கள். பம்ப் உறிஞ்சும் வேகத்துக்கு வால்வைத் திறந்தால் துளைத்தட்டுக்குக் கீழே வெற்றிடம் உண்டாகிப் படுகையைக் கீழே இழுத்துவிடும். அடைத்துக்கொண்டால் கிளறுவதற்கு முன் வால்வை மூடி, அடியிலிருந்து 78 டிகிரித் தண்ணீரை மேலே ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே திறந்துவிடும். கடைசியில் வடியும் வோர்ட் 1.010க்குக் கீழே போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வருவது துவர்ப்பு மட்டுமே.

ஹாப்ஸில்தான் பெருக்கல் வாய்ப்பாடு முழுசாகக் கவிழும். 20 லிட்டரைச் சில நிமிடங்களில் 80 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடலாம். 500 லிட்டரில் 15 நிமிடம் சுழற்சி, 15 நிமிடம் படிய விடுதல், பிறகு சில்லர் வழியாக 45 நிமிடம். கடைசியாக வெளியேறும் வோர்ட் ஒரு மணி நேரத்துக்கு மேல் 90 டிகிரியை ஒட்டியே இருந்திருக்கும். 'தீ அணைத்ததும்' போட்ட ஹாப்ஸ் அந்த ஒரு மணி நேரமும் கசப்பு தந்துகொண்டே இருக்கும், மணமோ ஆவியாகப் போய்விடும். வழி: கொதி முடிந்ததும் வோர்ட்டைச் சில்லர் வழியாகச் சுற்றவிட்டுக் கெட்டிலுக்கே திருப்பி 80–82 டிகிரிக்கு இறக்குங்கள், அதன் பிறகு மண ஹாப்ஸைப் போடுங்கள். கடைசி 10 நிமிடம், 5 நிமிடம் என்று சின்னச் சின்னதாகப் போடுவதையெல்லாம் இதில் சேர்த்துவிடலாம். 60 நிமிடக் கசப்பு ஹாப்ஸை முதல் பேட்ச்சில் 10–15 சதவீதம் குறைத்துப் போட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். குறைந்த கசப்பை அடுத்த பேட்ச்சோடு கலந்து சரிக்கட்டலாம், கூடிய கசப்பை எடுக்க முடியாது.

ஆவியாகும் அளவும் மாறும். பானையில் மணிக்கு 15 சதவீதம் போகும், மூடிய கெட்டிலில் 6–8. எனவே கொதிக்கு முன் 540 லிட்டர் போதும். அதே காரணத்தால் வேகவைத்த சோளம் போன்ற வாடை தங்கவும் வாய்ப்பு அதிகம். புகைபோக்கியில் குளிர்ந்து சொட்டும் நீர் கெட்டிலுக்குள் திரும்ப விழாதபடி வழித்துவிடும் வளையம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பில்ஸ்னர் மால்ட் (வெளிர் நிற மால்ட்) அதிகம் போடும் பீருக்கு 90 நிமிடக் கொதி.

குளிர்க்குழாய்

பட்டியல்ல சூடு பண்ற சாமான் எல்லாம் இருக்கு, குளிர்ச்சி பண்றது ஒண்ணுமே இல்லையே! 27 டிகிரி தண்ணியை வெச்சு வோர்ட்டை 18க்கு இறக்கவே முடியாது, பிளேட் சில்லர் எவ்வளவு பெருசா இருந்தாலும் 30–32ல நிக்கும். அங்க ஈஸ்ட் போட்டா பழவாசனையும் சாராய நெடியும்தான் மிஞ்சும்.

மிச்சம் இருக்கிற 14 டிகிரியை கிளைக்காலை (தண்ணில கலந்தா உறையாம ஓடற குளிர்திரவம்) வெச்சு நேரடியா இறக்கணும்னா, 500 லிட்டருக்கு சுமார் 8 யூனிட் வெப்பத்தை 45 நிமிஷத்துல எடுக்கணும். அதாவது 10–11 கிலோவாட் குளிர்ச்சித் திறன். வாரத்துக்கு ஒண்ணரை மணி நேர வேலைக்காக அவ்வளவு பெரிய இயந்திரம் வாங்குறது வீண். அதுக்குப் பதிலா வெப்பக்காப்பு போட்ட 600 லிட்டர் குளிர்நீர்த் தொட்டி ஒண்ணு வைங்க. ராத்திரி 12 மணி நேரத்துல 27லிருந்து 4 டிகிரிக்குக் கொண்டு வர 1.3 கிலோவாட் போதும். காலைல அந்த 4 டிகிரி தண்ணி சில்லர் வழியா ஒரே சுற்றுல வோர்ட்டை 18க்கு இறக்கிடும். அது வெளிய வரும்போது 70 டிகிரி பக்கம் இருக்கும், அதை அப்படியே சுடுநீர்த் தொட்டிக்குத் திருப்பிட்டா அடுத்த மேஷ் தண்ணி பாதி தயார். கரன்ட் மிச்சம், தண்ணி மிச்சம். இந்தத் தொட்டி இல்லாம ஆலையைத் தொடங்காதீங்க.

அடுத்து கிளைக்கால் சில்லர் அளவு. ரொம்ப மோசமான ஒரு நாளைக் கற்பனை பண்ணிக் கூட்டுங்க: ஒரு தொட்டியை 20லிருந்து 2 டிகிரிக்கு 15 மணி நேரத்துல இறக்க 0.7 கிலோவாட், குளிர்நீர்த் தொட்டிக்கு 1.3, பொங்கிட்டிருக்கிற மூணு தொட்டிக்கு எல்லாம் சேர்த்து அரை கிலோவாட், குழாய்லயும் சுவர்லயும் கசியறது அரை. மொத்தம் 3. ஆனா விற்கிறவங்க போடற எண் பெரும்பாலும் 10 டிகிரி தண்ணிக்கு. கிளைக்கால் மைனஸ் 3ல ஓடும்போது, அதுவும் வெளிய வெயில்ல இருக்கும்போது, திறன் பாதியாகக்கூட விழும். 'மைனஸ் 3ல, 40 டிகிரி வெளிவெப்பத்துல எவ்வளவு?'ன்னு எழுத்துல கேளுங்க. அந்த நிலைல 5 கிலோவாட் தர்ற இயந்திரம் எடுத்தா அஞ்சாவது தொட்டிக்கும் தாங்கும்.

கிளைக்கால்னா உணவுத் தர புரோப்பிலீன் கிளைக்கால் மட்டும்தான், எத்திலீன் விஷம். 30–35 சதவீதம் கலங்க. தண்ணி ஜாஸ்தியானா சில்லருக்குள்ளயே உறைஞ்சு குழாய் வெடிக்கும், கிளைக்கால் ஜாஸ்தியானா கொழகொழன்னு ஆகி வெப்பம் கடத்தாது. மாசம் ஒருதடவை ரிஃப்ராக்டோமீட்டர்ல செறிவைப் பாருங்க. தொட்டிகளை ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா வரிசைல இணைக்காதீங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி சோலினாய்டு வால்வோட (கரன்ட்ல திறந்து மூடறது) பக்கவாட்டு இணைப்பு. எல்லா வால்வும் ஒரே நேரத்துல மூடினா பம்ப் முட்டிக்கிட்டு நிக்கும், அதனால கடைசில ஒரு பைபாஸ் கட்டாயம்.

மின்சாரம்: 540 லிட்டரை 70லிருந்து கொதிக்கு ஏத்த 18–19 யூனிட். 30 கிலோவாட் ஹீட்டர்னா 40 நிமிஷம். மூணு ஃபேஸ்ல ஒவ்வொண்ணுக்கும் 43 ஆம்பியர் அதுக்கே போகுது. சுடுநீர்த் தொட்டிக்கு டைமர் போட்டு விடியக்காலைலயே சூடாக்கிடுங்க, ரெண்டையும் ஒண்ணா ஓட்ட நெனச்சா இணைப்புக் கட்டணமே தலையைச் சுத்தும்.

தரைச்சரிவு

பட்டியலில் இன்னொன்றும் இல்லை: தரை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் தொட்டி நிறுத்திய பிறகு மாற்ற முடியாத ஒரே பொருள் அதுதான். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, வடிகால் சுவரோரம் இல்லாமல் கெட்டிலுக்கும் ஃபெர்மென்டருக்கும் நடுவே, சூடான காஸ்டிக்கும் (காஸ்டிக் சோடா) ஆசிடும் விழுந்தாலும் தாங்கும் மேற்பூச்சு. நிரம்பிய தொட்டி ஏறக்குறைய 750 கிலோ, அது நான்கு சின்னக் கால் தட்டுகளில் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2 சதவீதக் காஸ்டிக் 60–70 டிகிரியில் 30 நிமிடம், அலசல், 1–1.5 சதவீத நைட்ரிக்-பாஸ்பாரிக் ஆசிட் 20 நிமிடம், அலசல், நிரப்புவதற்குச் சற்று முன் 150–200 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பெராசிடிக் ஆசிட். தெளிப்பு உருண்டை சுவரை நனைத்தால் போதாது, படலமாக வழிய வேண்டும். தொட்டியின் சுற்றளவில் ஒரு மீட்டருக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் வேண்டும். 80 செ.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு 75 லிட்டர் ஆகிறது. உங்கள் பட்டியலில் உள்ள பம்ப் அந்த அழுத்தத்தில் அதைத் தருமா என்று பாருங்கள். தராவிட்டால் மேல் விளிம்பில் பழுப்பு வளையம் உட்கார்ந்து அடுத்த பேட்ச்சைப் புளிக்கவைக்கும். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை விழும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொட்டுங்கள், தண்ணீரைக் காஸ்டிக்கில் கொட்டாதீர்கள். கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் இல்லாமல் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம்.

வீட்டுக் காய்ச்சலில் இல்லாத இரண்டு ஆபத்துகள் இங்கே உண்டு (காய்ச்சல் என்றே எழுதுகிறேன், மாத்திரை வேண்டாம்).

ஒன்று, தொட்டி உள்நோக்கி நசுங்குவது. பீரை எடுத்த பிறகு தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அதில் காஸ்டிக்கைத் தெளித்தால் வாயு காஸ்டிக்கோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடும், அதாவது வாயு காணாமல் போகும். உள்ளே வெற்றிடம், வெளியே சதுர மீட்டருக்கு 10 டன் காற்றழுத்தம். உள்ளழுத்தம் தாங்கக் கட்டிய தொட்டி வெளியழுத்தத்துக்குத் தகர டப்பா மாதிரி மடியும். சூடாகக் கழுவிவிட்டுக் குளிர்ந்த நீரால் அலசினாலும் ஆவி சுருங்கி இதுவே நடக்கும். முதலில் அடி வால்வையும் மேல் மூடியையும் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள், கழுவி முடியும் வரை மேலே ஒரு வழி திறந்தே இருக்கட்டும், வெற்றிட வால்வு இல்லாத தொட்டியை வாங்காதீர்கள். வாயுவை வெளியேற்றாமல் விட்ட தொட்டியில் காஸ்டிக் தன் வலுவையும் இழக்கும், அழுக்கும் போகாது.

இரண்டு, மூச்சு. 500 லிட்டர் பேல் ஏல் பொங்கி முடிக்கும்போது 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், ஏறக்குறைய 10 கன மீட்டர். அது காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வெளியேற்றுக் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் அளவுமானி வையுங்கள், 0.5 சதவீதத்தில் முதல் மணி, 3 சதவீதத்தில் ஓட்டம். கெக் வைக்கும் குளிர் அறையிலும் ஒன்று வேண்டும், அங்கே இணைப்பு கசிந்தால் யாருக்கும் தெரியாது. தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்கும் பழக்கம் வீட்டோடு போகட்டும்.

கழிவு: ஒரு காய்ச்சுக்கு ஈரச் சக்கை 125–130 கிலோ, வெயில் காலத்தில் ஒரு நாளிலேயே புளித்து நாறும். கால்நடை வளர்ப்பவர் ஒருவரை முன்கூட்டியே பேசிவையுங்கள். கூம்பிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்டை உயிரோடு தீவனத்தில் கலக்கக் கூடாது, வயிறு உப்பிவிடும். 70–75 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகு கொடுக்கலாம். ஈஸ்ட்டையும் கசடையும் வடிகாலில் விட்டால் கழிவுநீரின் வீரியம் பல மடங்கு ஏறும். வாளியில் தனியாகப் பிடியுங்கள்.

செல்எண்ணி

ஈஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை. ஏலுக்கு ஒரு மில்லி வோர்ட்டில், ஒரு பிளேட்டோ டிகிரிக்கு (வோர்ட்டின் சர்க்கரை அளவு, 1.048 ஏறக்குறைய 12 பிளேட்டோ) 7.5 லட்சம் செல் என்பது வழக்கமான கணக்கு. 12 பிளேட்டோ, 500 லிட்டர் என்றால் 4.5 லட்சம் கோடி. உலர் ஈஸ்ட்டில் 250–400 கிராம், ஆக 500 கிராம் பொட்டலம் ஒன்று போதும். முதல் தலைமுறை உலர் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. இரண்டாவது முறையிலிருந்து வோர்ட் போகும் குழாயிலேயே ஆக்சிஜன் கல் (வாயுவை நுண்குமிழியாக விடும் துளைக்கல்) வைத்து 8–10 பிபிஎம் ஏற்றுங்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு ஈஸ்ட்டைத் திரும்ப எடுப்பதானால் ஹாப்ஸைக் குளிர் நிலையில் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கூம்பிலிருந்து முதலில் வரும் கருத்த ஒன்றிரண்டு லிட்டரைக் கொட்டிவிட்டு, நடுவில் வரும் தயிர் போன்ற பகுதியைப் பிடியுங்கள். மில்லிக்கு 100 கோடி உயிருள்ள செல் இருந்தால் 4.5 லிட்டர் தேவை. 'இருந்தால்' என்பதுதான் விஷயம். குழம்பின் கனம் வாரத்துக்கு வாரம் இரட்டிப்பு வித்தியாசப்படும், ஆகவே நுண்ணோக்கியும் எண்ணும் கண்ணாடித் தகடும் மெத்திலீன் நீலமும் பட்டியலில் சேருங்கள். நீலமாகும் செல் இறந்தது. 90 சதவீதத்துக்கு மேல் உயிர் இருந்தால் நிம்மதி, 80க்குக் கீழே என்றால் கொட்டிவிடுங்கள். 2–4 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மூடியை இறுக்கவும் செய்யாதீர்கள்.

அடர்த்தி மட்டும் பார்க்காமல் பிஎச்சும் பாருங்கள். 5.2இல் தொடங்கியது 36 மணி நேரத்துக்குள் 4.5 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா, ஈஸ்ட் சுணங்கியிருக்கிறது.

குளிரவைக்கும் முன் ஒரு சோதனை: மூடிய குப்பியில் கொஞ்சம் பீரை எடுத்து 60–65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு முகருங்கள். வெண்ணெய் வாடை வந்தால் தொட்டியை இன்னும் இரண்டு நாள் அதே வெப்பத்தில் விடுங்கள். அவசரப்பட்டு 2 டிகிரிக்கு இறக்கினால் அந்த வாடை வாடிக்கையாளர் கோப்பையில் வந்து சேரும். ஹாப்ஸ் போட்ட பிறகும் இதே சோதனை வேண்டும். ஹாப்ஸிலேயே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு, முடிந்தது என்று நினைத்த பீர் மறுபடி பொங்கி 2–4 புள்ளி இறங்கும்.

இன்னொரு எச்சரிக்கை: வாயு ஏறிய பீரில் ஹாப்ஸ் துகளைக் கொட்டாதீர்கள். நுரை ஊற்றாகக் கிளம்பி ஏணியில் நிற்பவரைத் தள்ளிவிடும். அழுத்தத்தை முழுக்க விடுவித்து, முதலில் ஒரு கைப்பிடி மட்டும் போட்டுப் பாருங்கள்.

வாளி_20

எல்லோருக்கும் நன்றி. குளிர்நீர்த் தொட்டி, சில்லர், அளவுமானி, நுண்ணோக்கி சேர்த்தாகிவிட்டது. மூன்று சந்தேகம்: நான்கு 500க்குப் பதில் இரண்டு 1,000 வாங்கினால் மலிவாக வருகிறது, சரியா? தொடக்கத்தில் பாட்டிலா கெக்கா? அனுமதி வரிசை பற்றி யாரும் சொல்லவில்லை.

பேரேடு

அனுமதியை நான் சொல்கிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், வரிசை அதிகம் மாறாது. முதலில் அந்த மனையில் மது உற்பத்தி அனுமதிக்கப்பட்ட பயன்பாடா என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்து கழிவுநீர் இணைப்பும் மின்சுமையும் கிடைக்குமா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு மது உற்பத்தி உரிமம், உணவுப் பாதுகாப்பு, தீயணைப்பு. வாடகை ஒப்பந்தத்தில் 'உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும்' என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் வாடகைதான் முதலீட்டை விழுங்கும். தொட்டிக்கு முன்பணம் கட்டுவது மனை அனுமதி வந்த பிறகு. ஆனால் தொட்டி எங்கே நிற்கும் என்ற வரைபடம் உரிம விண்ணப்பத்துக்கே தேவைப்படும், எனவே அளவுகளை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சியதை உரிமம் வரும் முன் 'மாதிரிக்கு' என்று விற்று மாட்டிக்கொள்வது பலர் செய்யும் தவறு, விண்ணப்பமே போய்விடும்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மால்ட் மூட்டை எண், கெட்டிலிலிருந்து தொட்டிக்குப் போன லிட்டர், தொட்டியிலிருந்து கெக்குக்குப் போன லிட்டர், இடையில் எங்கே எவ்வளவு இழப்பு என்று எழுதுங்கள். வரி அதிகாரி கேட்பது விற்ற கணக்கைவிடக் காணாமல் போன கணக்கைத்தான்.

கெக் 60 போதாது. வாரத்துக்கு ஒரு பேட்ச் என்றாலே 21 கெக். ஒரு பங்கு நிரம்பிக்கொண்டிருக்கும், ஒரு பங்கு குளிர் அறையில், ஒரு பங்கு வாடிக்கையாளரிடம், இன்னொன்று காலியாகத் திரும்பும் வழியில். 85 வேண்டும். அதோடு திரும்பாத கெக்குக்கு வைப்புத்தொகை வாங்குங்கள்.

மால்ட்மூட்டை

1,000 பற்றி: அதை நிரப்ப ஒரே நாளில் இரண்டு காய்ச்சு, 13–14 மணி நேரம். இரண்டே தொட்டி இருந்தால் மூன்று வகை பீர் எப்படி? ஒன்று கெட்டால் பாதி ஆலை போயிற்று. மூன்று 500, நன்றாகப் போகும் பீருக்குப் பிறகு ஒரு 1,000 என்று போங்கள். இரண்டு காய்ச்சு ஊற்றும்போது முழு ஈஸ்ட்டையும் முதல் காய்ச்சிலேயே போட்டுவிட வேண்டும்.

500 என்று விற்பவர் சொல்வது மொத்தக் கொள்ளளவா, நிரப்பும் அளவா என்றும் கேளுங்கள். நுரைக்கு 20–25 சதவீதக் காலி இடம் வேண்டும், ஆக மொத்தம் 625 லிட்டர் இருக்க வேண்டும். கோதுமை பீர் ஈஸ்ட் அதையும் தாண்டிப் பொங்கும்.

நான்காவது ஃபெர்மென்டர் பணத்தில் ஒரு பிரைட் டேங்க் (நொதித்து முடிந்த பீரை வாயு ஏற்றி வைக்கும் தொட்டி) வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வாயு ஏற்றுவதும் கெக் நிரப்புவதும் ஃபெர்மென்டரிலேயே நடந்து மூன்று நான்கு நாள் அதை அடைத்துக்கொள்ளும். 18 நாள் சுற்று 14 ஆனால் மூன்று தொட்டியே ஆண்டுக்கு 78 காய்ச்சு தரும். நான்கு தருவது 80.

செல்எண்ணி

கெக். பாட்டில் பிறகு. நிரப்பிய பீரில் கரைந்த ஆக்சிஜன் 100 பிபிபிக்கு (நூறு கோடியில் ஒரு பங்கு) கீழே, முடிந்தால் 50 இருக்க வேண்டும். கெக்கில் அது எளிது: கிருமிநீக்கி கரைசலை விளிம்புவரை நிரப்பி, கார்பன் டை ஆக்சைடால் அதைத் தள்ளி வெளியேற்றினால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. குழாயையும் அதேபோல் சுத்தம் செய்யுங்கள், பலர் கெக்கைக் கவனித்துவிட்டுக் குழாயில் இருக்கும் காற்றை உள்ளே தள்ளிவிடுவார்கள். மலிவான கை நிரப்பியில் பாட்டில் பிடித்தால் ஒரு மாதத்தில் பேல் ஏல் ஈர அட்டை மாதிரி மணக்கும்.

பாட்டிலில் சர்க்கரை போட்டு மறுபொங்கல் முறையில் போவதானால், ஒவ்வொரு பேட்ச்சிலும் அரை லிட்டரைத் தனியே எடுத்து ஈஸ்ட் தாராளமாகப் போட்டு 27 டிகிரியில் அடிக்கடி ஆட்டி இரண்டு நாள் வையுங்கள். அது நிற்கும் அடர்த்திதான் உண்மையான முடிவு. தொட்டி அதைவிட மேலே இருந்தால் நிரப்பாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

பிரைட் டேங்கில் 2 டிகிரியில் 0.75 பார் அழுத்தம் வைத்தால் 2.5 பருமன் வாயு (பீரின் பருமனைப் போல் 2.5 மடங்கு) நிற்கும். கல் வழியாக ஏற்றினால் கல்லின் சொந்தத் தடைக்கு 0.2–0.4 பார் கூட்டுங்கள்.

நாடோடிக்கெட்டில்

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவும் வாங்கும் முன், தொட்டி காலியாக இருக்கும் வேறொரு ஆலையில் கட்டணம் கட்டி நான்கைந்து பேட்ச் காய்ச்சிப் பாருங்கள். மேலே சொன்ன ஹாப்ஸ், திறன் கணக்கெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், விற்குமா என்பதும் தெரியும். ஒப்பந்தத்தில் மூன்று எழுதுங்கள்: ரெசிப்பி யாருக்குச் சொந்தம், கெட்டுப்போன பேட்ச் யார் தலையில், எந்தத் தேதிக்குத் தொட்டி உறுதி.

குளிர்க்குழாய்

@நாடோடிக்கெட்டில் சொல்றது ரெசிப்பிக்குச் சரி, ஆனா அவங்க கெட்டில்ல வர்ற எண் உங்க கெட்டில்ல வராது. உங்க சாமான் வந்ததும் முதல் மால்ட் மூட்டையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி வெறும் தண்ணில ஒரு முழு காய்ச்சு ஓட்டுங்க. அதுக்கும் முன்னாடி புதுத் தொட்டிக்கு காஸ்டிக்கால எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, ஆசிட்டால மேற்பரப்பைப் பதப்படுத்தணும், இல்லன்னா வெல்டிங் ஓரத்துல துரு வரும்.

தண்ணி ஓட்டத்துல குறிச்சுக்க வேண்டியது: துளைத்தட்டுக்குக் கீழ எவ்வளவு தங்குது, குழாய்லயும் பம்ப்லயும் எவ்வளவு, ஒரு மணி நேரக் கொதில எவ்வளவு ஆவியாகுது, சில்லர் வழியா எத்தனை நிமிஷத்துல 18க்கு வருது. ஸ்டெயின்லெஸ் கம்பி ஒண்ணு எடுத்து, மீட்டர் வெச்சு 25 லிட்டர் 25 லிட்டரா ஊத்தி, ஒவ்வொண்ணுக்கும் கம்பில கோடு கீறுங்க. கொதிக்கற தண்ணி 4 சதவீதம் விரியும், அதனால குளிர்ந்த அளவு ஒரு பக்கம், கொதி அளவு மறுபக்கம். கெட்டில்ல ஒட்டி வர்ற கண்ணாடிக் குழாய் கொதிக்கும்போது மேலும் கீழும் ஆடும், அதை நம்பாதீங்க.

வாளி_20

காஸ்டிக் சுழற்ற அதே வோர்ட் பம்ப்பையே பயன்படுத்தலாமா, தனியாக வேண்டுமா?

தரைச்சரிவு

தனி. கழுவும் பம்ப்புக்கு நிமிடத்துக்கு 80–100 லிட்டர் திறன், 2 பார் அழுத்தம், கேஸ்கெட் ஈபிடிஎம் ரப்பர். பெராசிடிக்கைக் காஸ்டிக்கோடு ஒரே தொட்டியில் கலந்துவிடாமல் இரண்டு சிறு தொட்டி வைத்த சக்கர வண்டியாகவே வாங்குங்கள், இரண்டுக்கும் வேறு வேறு நிறக் குழாய்.